உப்பு நிலத்தைத் திரும்பப் பெற்ற நபி (ஸல்): பொது நீரும் புதிய நிலச் சட்டமும்

 

 

இந்த வாரம் வடுகபட்டி பள்ளிவாசலில் பேசிய ஜும்ஆ பயானைச் சற்று விரிவாக்கி உங்களுக்காக எழுதுகிறேன். மிம்பரில் நேரம் குறைவு. பூண்டு மார்க்கெட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியவர்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே விட்டுப்போனதை இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஒரு ஹதீஸிலிருந்து தொடங்குகிறேன். அரபிக் கல்லூரியில் ஓதிய காலத்தில், அரசு நிலத்தை ஒருவருக்கு வழங்குவது பற்றிய 'இக்தாஃ' பாடத்தில் இதை வாசித்தோம். பரீட்சைக்கு வரும் என்ற அளவில்தான் அன்று மனனம் செய்தேன். இருபது வருடம் கழித்து, செய்தித்தாளில் ஒரு சட்டத்தைப் பற்றி வாசித்தபோதுதான் அந்த ஹதீஸ் எனக்குப் புரிந்தது.

யமன் நாட்டின் மஃரிபிலிருந்து அப்யள் இப்னு ஹம்மால் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். தங்கள் பகுதியில் இருந்த உப்பு நிலத்தைத் தமக்கு ஒதுக்கித் தருமாறு கேட்டார்கள். நபியவர்களும் கொடுத்துவிட்டார்கள். அவர் எழுந்து போன பிறகு, சபையில் இருந்த ஒருவர் பேசினார். அவர் அக்ரஉ இப்னு ஹாபிஸ் (ரலி) என்று இப்னு மாஜாவின் அறிவிப்பில் வருகிறது. தாம் அறியாமைக் காலத்திலேயே அந்த இடத்துக்குப் போயிருப்பதாகவும், அது தண்ணீர் இல்லாத நிலத்தில் இருப்பதாகவும், போகிறவர் எல்லாரும் அங்கிருந்து உப்பு எடுத்துக்கொள்வதாகவும், அது வற்றாத ஊற்று நீரைப் போன்றது என்றும் அவர் எடுத்துச் சொன்னார். நபி (ஸல்) அவர்கள் கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். (அபூதாவூத், திர்மிதீ, இப்னு மாஜா)

இப்னு மாஜாவில் இன்னும் ஒரு செய்தி இருக்கிறது. தான் விட்டுக்கொடுப்பது தன் பெயரில் ஸதக்காவாக அமைய வேண்டும் என்று அப்யள் (ரலி) கேட்டார்கள். நபியவர்கள் அதை ஏற்றார்கள். அதோடு, அதற்கு ஈடாக ஜுர்ஃப் என்ற இடத்தில் அவருக்கு நிலமும் பேரீச்ச மரங்களும் கொடுத்தார்கள்.

இதில் நடந்ததை நிதானமாகப் பாருங்கள். நிலத்தைக் கொடுத்தது அல்லாஹ்வின் தூதர். பெற்றவர் ஒரு ஸஹாபி. லஞ்சம் இல்லை, மோசடி இல்லை. ஆனாலும் கொடுக்கப்பட்டது ஊரார் எல்லாரும் எடுக்கும் பொருள் என்று தெரிந்தவுடன் உத்தரவு ரத்தானது. ஆட்சேபித்தவரை யாரும் அதட்டவில்லை, 'வளர்ச்சிக்கு எதிரி' என்று பெயர் சூட்டவில்லை. நிலத்தை இழந்தவரும் வெறுங்கையோடு அனுப்பப்படவில்லை. பொதுமக்கள் அனைவருக்கும் தேவைப்படும் நீரையும் உப்பையும் ஆட்சியாளர் தனி ஒருவருக்கு எழுதிக் கொடுக்க முடியாது என்ற சட்டத்தை நம் இமாம்கள் இந்த நிகழ்ச்சியிலிருந்துதான் எடுத்தார்கள்.

எந்தச் சட்டம்?

2023 ஏப்ரல் 21. தமிழ்நாடு சட்டப்பேரவையின் பட்ஜெட் கூட்டத்தொடர் முடிந்த நாள். அன்று பெரிய விவாதம் இல்லாமல் நிறைவேறிய மசோதாக்களில் ஒன்று தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டம். அந்த ஆகஸ்ட்டில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. விவசாய சங்கங்களும், இடதுசாரிக் கட்சிகளும், பூவுலகின் நண்பர்கள் போன்ற சுற்றுச்சூழல் அமைப்புகளும் இதைத் திரும்பப் பெறச் சொல்கிறார்கள். நம் ஜமாஅத்தில் எத்தனை பேர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள் என்று மிம்பரிலிருந்து கேட்டேன். மூன்று பேர் தலையசைத்தார்கள்.

சுருக்கமாகச் சொல்கிறேன். நூறு ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ 250 ஏக்கருக்கு, குறையாத நிலத்தில் ஒரு தொழில் திட்டமோ, வணிகத் திட்டமோ, உள்கட்டமைப்புத் திட்டமோ வருகிறது. அதை அரசு 'சிறப்புத் திட்டம்' என்று அறிவிக்கலாம். அரசு தானாகவும் அறிவிக்கலாம், விண்ணப்பத்தின் பேரிலும் அறிவிக்கலாம். அந்த நிலத்துக்குள் ஓடையோ, வாய்க்காலோ, குளமோ இருந்தால் அதையும் உள்ளே வைத்து, நிலங்களை மாற்றி அமைத்து, ஒரே துண்டாகத் திட்டத்தின் கையில் கொடுக்க இந்தச் சட்டம் வழி செய்கிறது. இதுவரை குறுக்கே ஓடும் ஒரு வாய்க்கால், திட்டம் போடுகிறவருக்குத் தடையாக இருந்தது. அந்தத் தடையை எடுப்பதுதான் சட்டத்தின் நோக்கம்.

நியாயமாகப் பேச வேண்டும். ஒரு நிபுணர் குழு உண்டு, ஆட்சேபணை கேட்கும் கட்டம் உண்டு, நீர்நிலைகளுக்குப் பாதிப்பு வராதபடிதான் திட்டம் வகுக்கப்படும் என்று சட்டத்தை ஆதரிப்பவர்கள் சொல்கிறார்கள். தொழில் வந்தால் நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்பதையும் நான் மறுக்கவில்லை. திருப்பூருக்கும் துபாய்க்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, ஈதுக்கு ஈது முகம் பார்க்கும் பெற்றோர் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

ஆனால் கண்மாய் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த ஒரு விவசாயியிடம் இந்தச் சட்டத்தைச் சொல்லிப் பாருங்கள்.

இடம் மாற்ற முடியாத சொத்து

நம் வராக நதியையே எடுத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல் மலைக்காட்டில் பெய்வது ஓடை ஓடையாக இறங்கிச் சோத்துப்பாறை அணைக்கு வருகிறது. பெரியகுளத்தார் குடிப்பதில் பேரிஜம் ஏரித் தண்ணீரும் உண்டு. அங்கிருந்து ஆற்றில் ஓடி, வாய்க்காலில் பிரிந்து, கண்மாய்க்கு வந்து சேர்கிறது. மடை வழியாக வயலுக்குப் போகிறது. நிறைந்தால் கலிங்கு வழியாக அடுத்த கண்மாய்க்கு. மிச்சம் வைகைக்கு. இதில் பாதி மனிதன் வெட்டியது, பாதி அல்லாஹ் வைத்த சரிவு. வானத்திலிருந்து அளவோடு நீரை இறக்கி அதைப் பூமியில் தங்க வைப்பதாக அல்லாஹ் அல்முஃமினூன் சூராவின் 18ஆம் வசனத்தில் சொல்கிறான். அதைப் போக்கிவிடவும் தான் ஆற்றலுடையவன் என்று அதே வசனத்தில் எச்சரிக்கிறான்.

ஒரு ஏக்கர் நஞ்சையை எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் ஒரு ஏக்கர் கொடுக்கலாம். ஒரு குளத்தின் பரப்பை அளந்து அதே பரப்பில் வேறு இடத்தில் குழியும் தோண்டலாம். அந்தக் குழிக்குத் தண்ணீர் வருமா? நீர் சர்வே எண்ணைப் பார்த்து ஓடுவதில்லை. வரத்து வாய்க்காலில் ஒரு ஃபர்லாங் அடைபட்டால் மேலே இருப்பவன் வீட்டுக்குள் வெள்ளம், கீழே இருப்பவன் வயலில் வறட்சி. இரண்டும் ஒரே வருடத்தில் வரும்.

சென்னை தியாகராய நகருக்கு ஜவுளி எடுக்கப் போகிறீர்கள் அல்லவா? அந்த இடம் நூறு வருடத்துக்கு முன்பு நீண்ட ஏரி. மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக்தான் இல்லை. வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியைக் கட்டடங்களும் குப்பையும் விழுங்கிவிட்டன. 2015 டிசம்பரில் சென்னையில் படகில் ஆட்களை மீட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்து நாமெல்லாம் துஆ செய்தோம். நம் ஜமாஅத்திலிருந்தும் அரிசியும் போர்வையும் போயின. அந்தத் தண்ணீர் தன் பழைய வீட்டுக்குத்தான் திரும்பி வந்தது.

காஞ்சிபுரம் மாவட்டம் பரந்தூரில் புதிய விமான நிலையத்துக்குக் குறித்திருக்கும் நிலத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் நீர்நிலைகள். ஏகனாபுரம் மக்கள் 2022லிருந்து கிராம சபைகளில் தொடர்ந்து எதிர்ப்புத் தீர்மானம் போட்டு வருகிறார்கள். இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசும் போதெல்லாம் பரந்தூரின் பெயரும் சேர்ந்தே வருவது அதனால்தான்.

நம் பக்கத்துக்கு வருவோம். முல்லைப்பெரியாறு தண்ணீரில் கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளையும் நஞ்சை 14,707 ஏக்கர் என்பது நமக்கு மனப்பாடமான கணக்கு. காவிரி டெல்டாவுக்கு 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கிடைத்தது. தேனி மாவட்டம் அதில் இல்லை. தேனியிலிருந்து கம்பம் வரை ரோட்டோரம் பார்த்துக்கொண்டே போங்கள். வயலுக்கு நடுவே மஞ்சள் பெயின்ட் அடித்த கல், ஒரு தகர வளைவு, 'நகர்' என்று முடியும் ஒரு பெயர். அந்த நகரில் வீடு ஒன்றுகூட இருக்காது. நெல்லும் இருக்காது.

நான் ஓதிய ஒரு துஆ

இதை மிம்பரில் சொல்லத் தயங்கினேன். சொல்லிவிட்டேன், இங்கும் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு மனைப்பிரிவு தொடக்க விழா ஒன்றுக்கு பரக்கத் துஆ ஓத என்னை அழைத்தார்கள். போனேன். ஓதினேன். பிரியாணி சாப்பிட்டேன். ஒரு கவரும் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். நான் நின்ற இடத்துக்குப் பத்தடி தள்ளி புது செம்மண் கொட்டி சமப்படுத்தியிருந்தது. மறு வருடம் ஐப்பசி மழையில் கடைமடைக்காரர் ஒருவர், நம் மார்க்கத்தைச் சேராதவர், பள்ளிவாசல் வாசலில் வந்து நின்றார். "ஹஜரத், நீங்க நின்னு ஓதின இடம் எங்க வாய்க்காலு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்த வருடம் அவருக்கு இரண்டாம் போகம் இல்லை.

நில எல்லை அடையாளங்களை மாற்றுபவனை அல்லாஹ் சபிப்பதாக முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவன் கழுத்தில் ஏழு பூமியும் மாலையாக மாட்டப்படும் என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. இரண்டையும் நான் எத்தனையோ முறை பயான் செய்தவன். அந்த மனைகள் எல்லாம் காகிதப்படி சரியாகவே இருந்திருக்கலாம். வாய்க்கால் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு மனைப்பிரிவு விழாக்களுக்குப் போவதில்லை. அழைப்பவர்களுக்கு வருத்தம்தான்.

"எங்கள் பட்டா நிலம், நாங்கள் விற்கிறோம், உங்களுக்கு என்ன?" என்று நம் சகோதரர்களே கேட்கிறார்கள். மகள் திருமணத்துக்காக, மகனின் விசாவுக்காக, மூன்று வருடம் விளையாமல் போன கடனுக்காக விற்றவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் விற்றது அவருடைய நிலம். நான் பேசுவது அவருடைய வயலுக்கு நடுவே ஓடும், யாருக்கும் பட்டா இல்லாத ஓடையைப் பற்றி. கப்பலின் கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் தண்ணீருக்காக மேலே ஏறி இறங்குவது சிரமம் என்று தங்கள் பங்கிலேயே ஓட்டை போடப் பார்த்த உவமையை நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி). அவர்களைத் தடுத்தால் எல்லாரும் தப்புவார்கள், விட்டுவிட்டால் எல்லாரும் மூழ்குவார்கள் என்பதே அதன் பொருள். ஓட்டை போட்டவர்கள் கெட்டவர்கள் என்று ஹதீஸில் இல்லை. மேலே இருப்பவர்களுக்குத் தொந்தரவு தரக்கூடாது என்றுதான் நினைத்தார்கள்.

பள்ளிவாசலில் அரசியலா?

பயான் முடிந்ததும் ஒரு பெரியவர் கேட்டார். "ஹஜரத், நமக்கு இருக்கிற பிரச்சினை போதாதா? அரசாங்கத்தோடு ஏன்?"

அவர் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். வக்ஃபு சட்டத் திருத்தம் வந்தபோது நாம் தெருவில் நின்றோம், நிற்கவும் வேண்டும். வக்ஃபு நிலம் அல்லாஹ்வின் பெயரால் பொதுவானது. கண்மாயும் வாய்க்காலும் யார் பெயரால் பொதுவானவை? தண்ணீர், மேய்ச்சல், நெருப்பு ஆகிய மூன்றிலும் முஸ்லிம்கள் பங்காளிகள் என்று நபியவர்கள் சொன்ன ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறதே. கிணற்றைச் சுற்றி, ஆற்றைச் சுற்றி யாரும் கட்டக்கூடாத 'ஹரீம்' என்ற எல்லையை ஃபிக்ஹு நூல்கள் முழத்தில் அளந்து பேசுகின்றனவே. மதீனாவைச் சுற்றிலும் மரம் வெட்டவும் வேட்டையாடவும் கூடாத பகுதியை நபியவர்களே அறிவித்தார்களே. அதெல்லாம் அரசியல் இல்லையா?

உமர் (ரலி) அவர்கள் ஒதுக்கிய மேய்ச்சல் காப்புநிலத்துக்கு ஹுனைய் என்பவரைக் காவலராக நியமித்தார்கள். அவருக்குச் சொன்ன உபதேசம் புகாரியில் விரிவாக வருகிறது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே வைத்திருப்பவனை உள்ளே விடு, இப்னு அவ்ஃபின் மந்தையையும் இப்னு அஃப்பானின் மந்தையையும் விடாதே என்பது அதன் கருத்து. யார் அவர்கள்? அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), உஸ்மான் (ரலி). சொர்க்கத்துக்கு நன்மாராயம் பெற்றவர்கள்! அவர்களின் கால்நடை செத்தாலும் அவர்களுக்குத் தோட்டமும் வயலும் உண்டு, ஏழையின் ஆடு செத்தால் அவன் பிள்ளைகளோடு என் வாசலில்தான் வந்து நிற்பான் என்று உமர் காரணமும் சொன்னார்கள். இப்போது நம் சட்டத்தின் அளவுகோலைப் பாருங்கள். 250 ஏக்கர் சேர்த்தவனுக்குத்தான் அதில் கதவு திறக்கிறது. இரண்டு ஏக்கர்க்காரன் வாய்க்கால் அடைபட்டது என்று மனுவோடு அலைய வேண்டும். உமரின் காவலர் மாற்றி நின்றால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது.

மக்கள் விஷயத்தில் ஆட்சியாளரின் நடவடிக்கை பொது நன்மையைச் சார்ந்தே செல்லும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. நம் நாட்டுச் சட்டத்திலும் இது புதிது அல்ல. பஞ்சாபில் ஒரு கிராமக் குளத்தை ஆக்கிரமித்த ஜக்பால் சிங் வழக்கில், 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஊர்ப் பொது நிலங்களை மீட்கச் சொல்லி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. எதிர்ப்பது கலகம் என்று நினைப்பவர்கள் அதை வாசிக்கட்டும்.

எதிர்த்தால் நடக்குமா என்ற சந்தேகம் இருந்தால், அதே 2023 ஏப்ரல் 21க்கே திரும்புவோம். அன்று நிறைவேறிய இன்னொரு மசோதா, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிட்டது. தொழிற்சங்கங்கள் கொதித்தன. ஏப்ரல் 24இல் நிறுத்தி வைத்தார்கள், மே 1இல் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். பத்து நாள். தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது, கேட்டது. வாய்க்காலுக்குச் சங்கம் இல்லை. திரும்பப் பெற்றதற்காக அன்று அரசை யாரும் இகழவில்லை, பாராட்டத்தான் செய்தார்கள். நமக்குப் பக்கத்து மாவட்டத்தில், மேலூர் அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கம் என்றார்கள். ஊர் ஊராகத் தீர்மானம் போட்டு, மதுரை வரை நடந்து வந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அங்கே எல்லா மதத்தவரும் ஒன்றாகத்தான் நடந்தார்கள்.

இனி நம் வேலை

வடுகபட்டி பேரூராட்சி என்பதால் நமக்குக் கிராம சபை கிடையாது. மேல்மங்கலம், ஜெயமங்கலம் பக்கம் இருப்பவர்களுக்கு உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு. ஒன்றுக்காவது போங்கள். நில ஒருங்கிணைப்புச் சட்டத்தைத் திரும்பப் பெறக் கோரியும், நம் வாய்க்கால்களை அளந்து கல் நடக் கோரியும் தீர்மானம் கேளுங்கள். பேரூராட்சியில் இருப்பவர்கள் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

மனுவில் 'எங்கள் ஊர் வாய்க்கால்' என்று எழுதினால் அதிகாரி கோப்பில் வைத்துவிடுவார். சர்வே எண் வேண்டும். அரசின் இணையதளத்தில் 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம், கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கால் மணி நேர வேலை. அக்ரஉ (ரலி) அவர்கள் அந்த உப்பு நிலத்தை நேரில் போய்ப் பார்த்திருந்ததால்தான் சபையில் வாய் திறக்க முடிந்தது. நீங்களும் உங்கள் பக்கத்து ஓடை வரை ஒரு நடை போய்விட்டு வாருங்கள். எங்கே அடைபட்டிருக்கிறது என்று பார்த்து, படம் எடுத்து, எண்ணோடு எழுதிக்கொண்டு வாருங்கள்.

அடுத்த ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் தாழ்வாரத்தில் மனுவை வாசிப்போம். ஜமாஅத் தலைவரிடம் பேசிவிட்டேன், சம்மதித்திருக்கிறார். அந்தக் கடைமடைக்காரரையும் வரச் சொல்லியிருக்கிறேன், முதல் கையெழுத்து அவருடையது. பெண்கள் அன்று அஸருக்குப் பிறகு மதரஸாவில் கையெழுத்திடலாம்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ்.